பின்கட்டுப் பிள்ளைகள்

என் கையில் அப்போது பிரம்பு இருந்தது. அதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுத எனக்கு மனம் வரவில்லை.

கள்ளக்குறிச்சியில் ஒரு மக்தபில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பது என் பணி. தமிழ் இலக்கியத்தில் இளங்கலைப் பட்டம் பெற்ற பிறகு ஓதும் பாயில் வந்து அமர்ந்தவன் நான். ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் ஒரு வகுப்பு, அஸருக்குப் பின் இன்னொரு வகுப்பு. ஏறக்குறைய நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் உரத்த குரலில் தத்தம் பாடத்தை ஓதுவார்கள். புதிதாக வந்து கேட்பவருக்கு அது பேரிரைச்சல்; எங்களுக்கோ பழகிப்போன இனிமை. 2017ஆம் ஆண்டில் ஒரு நாள், அந்த இரைச்சலின் நடுவே ஆறு வயதுப் பிள்ளை ஒன்றைக் கைப்பிடித்து அழைத்து வந்து விட்டுச் சென்றார் அவனுடைய அத்தா. கல்வராயன் மலை ஊர்களுக்குத் துணிமணியும் பிளாஸ்டிக் சாமான்களும் கொண்டுபோய் விற்கும் சிறு வியாபாரி அவர்.

"உன் பேர் என்ன?" என்று கேட்டேன்.

"உன் பேர் என்ன?" என்றான் பிள்ளை.

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். மறுபடியும் கேட்டேன். அவனும், என் குரலின் ஏற்ற இறக்கங்கூட மாறாமல், அதே கேள்வியை எனக்குத் திருப்பித் தந்தான். மறுநாளும் அப்படித்தான். 'இது என்ன எழுத்து?' என்றால் 'இது என்ன எழுத்து?' என்பான். இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரமாக முன்னும் பின்னும் ஆடுவான். திடீரென்று எழுந்தோடி மின்விசிறியின் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பான். மூன்றாம் நாள் என் பொறுமை தீர்ந்தது. உள்ளங்கையில் ஓர் அடி கொடுத்தேன். அடிக்கு அவன் அழவில்லை. சுற்றிலும் எழுந்த சிரிப்பொலிக்குத்தான் காதைப் பொத்திக்கொண்டு அலறினான். அன்று மாலை அவனுடைய அத்தாவை அழைத்து, "பாய், பிள்ளைக்குக் கொஞ்சம் புத்தி வரட்டும், அப்புறம் கொண்டு வாங்க" என்று சொன்னேன். அவர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. "சரிங்க ஹஜ்ரத்" என்று பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்.

பிள்ளை என்னைக் கேலி செய்கிறான் என்றே நான் நம்பினேன். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வது ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலரிடம் காணப்படும் இயல்பு என்பதும், பேச்சுக்குள் நுழைய அவர்கள் பற்றிக்கொள்ளும் முதல் படியாகவே அது இருக்கக்கூடும் என்பதும் பிறகுதான் தெரிய வந்தது. இதைப் படித்தவுடன் பிரம்பை வீசி எறிந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். உண்மை அதுவன்று. அது என் பாய்க்கருகில் இன்னும் ஓராண்டுக்கு மேல் கிடந்தது.

2019ஆம் ஆண்டு தை மாதம். கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகப்போகிறது என்ற அறிவிப்பு வந்திருந்த நேரம். பேருந்தெங்கும் அதே பேச்சு. விடுமுறை நாளொன்றில் வெள்ளிமலைக்குப் போய்வரலாம் என்று ஏறியிருந்தேன். கச்சிராயபாளையம் தாண்டியதும் பின் இருக்கையிலிருந்து ஒரு பிள்ளைக்குரல், இனி வரவிருக்கும் நிறுத்தங்களின் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லத் தொடங்கியது. நடத்துநர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "இவன் இருந்தா எனக்கு வேலையே இல்லீங்க" என்றார். திரும்பினேன். அவனேதான். பக்கத்தில் சாமான் மூட்டையுடன் அவனுடைய அத்தா.

என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து இடம் கொடுத்தார். நான் விசாரிக்கும் முன்னரே, சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, அதற்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தைக் காட்டினார். சென்னைக்கருகே முட்டுக்காட்டில் 2005ஆம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். "ஆட்டிசம்னு சொல்றாங்க ஹஜ்ரத். மருந்து மாத்திரையிலே போற நோய் இல்லையாம். பழக்கணுமாம்" என்றார். அந்த இரண்டு ஆண்டுகளில் அவர் என்னைப் பற்றி யாரிடமும் குறை சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. அதுதான் எனக்கு மிகவும் உறுத்தியது.

மலை மேல், அவர் வழக்கமாகச் சரக்கை இறக்கிவைக்கும் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்தோம். மலையாளிகள் என்று அழைக்கப்படும், தமிழ் பேசும் மலைவாழ் மக்களின் வீடு. அந்த வீட்டு மூதாட்டி கடுக்காய்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். பிள்ளை போய் அவர் முன்னால் குந்தினான். பெரியவை ஒரு புறம், சிறியவை ஒரு புறம், சொத்தை ஒரு புறம். மூதாட்டி அவனிடம் எதையும் கேட்கவில்லை. அவனும் எதையும் சொல்லவில்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக இருவரும் வேலை செய்தார்கள். என் மக்தபில் மூன்று நிமிடம் உட்காராத பிள்ளை! "தொந்தரவா இருக்கானா ஆயா?" என்று அத்தா கேட்டபோது, "அவன் பாட்டுக்கு இருக்கட்டும் பாய்" என்றார் அந்த அம்மா.

மலை மக்கள் கபடற்றவர்கள், அவர்களிடம் எல்லாம் சரியாகிவிடும் என்று கதை கட்ட நான் இதை எழுதவில்லை. அங்கே ஒலிபெருக்கி இல்லை, கூட்டம் இல்லை, கையில் ஒரு வேலை இருந்தது, அவசரப்படுத்த ஆள் இல்லை. இந்த நான்கும் என் மக்தபில் இருந்திருந்தால் அவன் அங்கேயும் உட்கார்ந்திருப்பான் என்பது மட்டும் அன்று எனக்குப் புலப்பட்டது.

ஊர் திரும்பியதும் தேடிப் படிக்கத் தொடங்கினேன். நண்பர் ஒருவர் யெஸ். பாலபாரதி எழுதி 2013இல் வெளிவந்த 'ஆட்டிசம்: சில புரிதல்கள்' என்னும் நூலைக் கொடுத்தார். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குத் தகப்பனாரான ஒருவர் தமிழிலேயே எழுதிய நூல், படிக்கக் கடினமில்லை. ஆட்டிசத்துக்குத் தமிழில் 'மதியிறுக்கம்' என்று ஒரு சொல் வழங்குகிறது. தமிழ் படித்தவன் என்ற முறையில் அந்தச் சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. இறுக்கம் அந்தப் பிள்ளையின் மதியில் இருக்கிறதா, அவனைச் சுற்றி நிற்கும் நம் மதியில் இருக்கிறதா என்பது எனக்கு இன்றும் ஐயமே. ஆகவே மருத்துவர்களும் பெற்றோரும் வழங்கும் சொல்லையே நானும் வழங்குகிறேன்.

அது பைத்தியமும் அன்று, பிடிவாதமும் அன்று. மூளையின் வளர்ச்சிப் போக்கிலேயே அமைந்த ஒரு வேறுபாடு. ஒன்றரை வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டாமை, பொருள்களை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருத்தல், நுனிக்காலில் நடத்தல், கைகளை உதறுதல், மிக்ஸி ஓடும் ஒலிக்கே துடித்துப்போதல் - இப்படிப் பல அடையாளங்கள். எல்லாப் பிள்ளைகளிடமும் எல்லாம் இரா. இரத்தச் சோதனையில் இது தெரியாது. நடத்தையைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். அதற்கென நம் நாட்டில் நாற்பது கூறுகள் கொண்ட ஓர் அளவீட்டு முறை இருக்கிறது. ஒவ்வொரு கூறுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இட்டு, கூட்டுத்தொகையைக் கொண்டு சான்றிதழ் தருகிறார்கள்.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021இல் உலக மக்களில் ஏறத்தாழ 127 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உள்ளவர். இந்த எண்ணைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அறுநூறு வீடுகள் கொண்ட ஒரு ஜமாஅத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஐவர் என்றால் மூவாயிரம் பேர். அந்தக் கணக்குப்படி இருபதுக்கும் மேற்பட்டோர் இருந்தாக வேண்டும். ஜும்ஆவில் அவர்களை நாம் பார்த்திருக்கிறோமா? பெருநாள் தொழுகையில்? வலீமாப் பந்தியில்? எங்கே இருக்கிறார்கள் அவர்கள்? விருந்தாளி வந்தால் பின்கட்டில் இருக்கிறார்கள். கதவு சாத்தியிருக்கிறது. தாயும் அவர்களோடு உள்ளே இருக்கிறாள்.

அந்தத் தாய் படும் பாட்டைச் சொல்ல வேண்டும். 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர் பதினொரு பிள்ளைகளைக் கண்டு ஆராய்ந்து இந்த நிலையை விவரித்தார். அதற்குப் பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக, தாயின் அன்பு குளிர்ந்துபோனதால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்று படித்த மருத்துவர்களே பேசி வந்தார்கள். தம் மகனுக்கே ஆட்டிசம் இருந்த பெர்னார்டு ரிம்லாண்டு என்னும் உளவியலாளர் 1964இல் எழுதிய நூல்தான் அந்தப் பழியைத் துடைக்கத் தொடங்கியது. மேல்நாட்டில் மருத்துவர்கள் சொன்னதை நம் ஊரில் மாமியாரும் நாத்தனாரும் இன்றும் சொல்கிறார்கள். கருவுற்றிருந்தபோது அந்தி நேரத்தில் வெளியே போனாள், கைபேசியைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டாள், தடுப்பூசி போட்டாள். தடுப்பூசிப் பேச்சு 1998இல் லண்டன் மருத்துவ இதழொன்றில் வந்த கட்டுரையிலிருந்து கிளம்பியது. அந்தக் கட்டுரை பிழையானதென்று அதே இதழ் 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. கட்டுரை போய்விட்டது, பேச்சு மட்டும் நம் தெருக்களில் நிற்கிறது.

பிள்ளையின் வீட்டில் உறவினர் சிலர், இது ஜின்னின் சேட்டை, நாற்பது நாள் கொண்டுபோய்த் தங்க வையுங்கள் என்று வற்புறுத்தினார்கள். அத்தா என்னிடம் கேட்க வந்தார். பிள்ளைக்காகத் துஆச் செய்வதை யாரும் தடுக்க முடியாது, நானும் செய்கிறேன். ஆனால் தங்க வைப்பது என்ற சொல்லைக் கேட்டவுடன் எனக்கு 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 நினைவுக்கு வந்தது. நான் கல்லூரி மாணவனாக இருந்த காலம். ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றில் அதிகாலையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. இருபத்தெட்டு உயிர்கள் போயின. உச்ச நீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டது. அங்கிருந்த அத்தகைய காப்பகங்களை அரசு மூடியது. 2017இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த வகையிலும் நோயாளியைச் சங்கிலியிடக் கூடாது என்று தடை விதித்தது. ஆட்டிசம் மனநோய் அன்று என்பது மெய்தான். ஆனால் சங்கிலிக்கு அந்த வேறுபாடு தெரியுமா? "வேண்டாம் பாய்" என்றேன். அந்த ஒரு பதிலைத்தான் அந்தக் குடும்பத்துக்கு நான் முதன்முதலாகச் சரியாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

ஒரு நாள் அவர்கள் வீட்டுக்குச் சென்று, அன்று அடித்ததற்காக மன்னிப்புக் கேட்டேன். பிள்ளையின் தாய் கதவுக்கு அப்பால் நின்றிருந்தார். நாங்கள் என்ன உதவி செய்ய வேண்டும் என்று கேட்டேன். பணம், மருத்துவர், சிறப்புப் பள்ளி என்று ஏதோ சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "ஒரு கல்யாணப் பந்தியிலே உக்காந்து நிம்மதியா சாப்பிட்டு நாலு வருஷமாச்சு ஹஜ்ரத்" என்றார்.

அவ்வளவுதான் அவர் கேட்டது.

அதன் பிறகு அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலர், என் துணைவியாரும் அதில் சேர்த்தி, முறை வைத்துக்கொண்டார்கள். வாரத்தில் இரு முறை, ஒரு மணி நேரம் பிள்ளையோடு யாராவது இருப்பது. தாய் அந்த நேரத்தில் உறங்கலாம், கடைக்குப் போகலாம், சும்மா இருக்கலாம். முதல் மாதம் எளிதாக இல்லை. புதிய முகம் வந்தால் அவன் அலறினான். ஒரே ஆள், ஒரே நாள், ஒரே நேரம் என்று மாற்றிய பிறகுதான் அடங்கினான். அடுத்து என்ன நடக்கும் என்பது அவனுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். தெரிந்துவிட்டால் பாதி அச்சம் போய்விடும். பேருந்து நிறுத்தங்களின் மேல் அவனுக்கு ஏன் அத்தனை பற்று என்பது அப்போது விளங்கியது. கச்சிராயபாளையத்துக்குப் பின் எந்த ஊர் வரும் என்பது ஒருநாளும் மாறுவதில்லையே!

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நிறுத்தங்களை ஒப்பிக்கிறான் என்றதும் சிலர், "இவனிடம் அல்லாஹ் ஏதோ பெரிய திறமையை வைத்திருக்கிறான், ஹாஃபிழ் ஆகிவிடுவான் பாருங்கள்" என்றார்கள். ஆறுதலுக்குச் சொன்னவைதாம். ஆனால் எல்லா ஆட்டிசப் பிள்ளைகளிடமும் ஓர் அற்புதத் திறமை ஒளிந்திருப்பதில்லை. பேச்சே வராமல், உடை மாற்றக்கூடப் பிறர் துணை வேண்டி வாழ்வோரும் உண்டு. அவர்களுடைய பெற்றோரிடம் போய் அற்புதத்தை எதிர்பார்ப்பது இன்னொரு சுமையை ஏற்றி வைப்பதாகும். இந்தப் பிள்ளை இன்றுவரை ஐந்து சிறு சூராக்கள் ஓதுவான். அது போதும்.

பள்ளிவாசல் விஷயத்துக்கு வருகிறேன். அவனை ஜும்ஆவுக்கு அழைத்து வர வேண்டும் என்பது அத்தாவின் ஆசை. ஜமாஅத் கூட்டத்தில் நான் இதை எடுத்துச் சொன்னபோது, பெரியவர் ஒருவர், "பள்ளிவாசல் என்ன ஆஸ்பத்திரியா?" என்று கேட்டார். அவர் கெட்டவர் அல்லர். தொழுகையில் ஓசை வரக்கூடாது என்று கவலைப்படுகிறவர். பெருமானார் (ஸல்) அவர்கள் தொழுகையின்போது குழந்தையின் அழுகுரல் கேட்டால் தாயின் மனம் தவிக்குமே என்று தொழுகையைச் சுருக்கிக்கொண்டதை அவருக்கு நினைவூட்டினேன். இன்னொரு செய்தியும் என் நெஞ்சில் இருந்தது. அதை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மதீனாவில் அறிவில் ஏதோ ஒரு குறை இருந்த பெண்மணி ஒருவர், தமக்கு ஒரு காரியம் ஆக வேண்டும் என்று பெருமானாரிடம் வருகிறார். எந்தத் தெருவில் நின்று பேச அவர் விரும்புகிறாரோ அந்தத் தெருவுக்கே பெருமானார் சென்று, அவர் பேசி முடிக்கும்வரை உடன் நின்றார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் அந்தப் பெண்மணி. இந்த ஹதீஸை நான் எத்தனையோ முறை பாடமாக நடத்தியவன். நடத்திவிட்டு, என் இடத்துக்கு, என் இரைச்சலுக்கு, என் நேரத்துக்கு வந்து உட்காராத பிள்ளையை அடித்தவனும் நான்தான்.

முடிவில் பெரியவரே ஓர் இடத்தைக் காட்டினார். வாயிற்படியை ஒட்டிய மூலை. ஒலிபெருக்கிப் பெட்டி அங்கிருந்து தூரம். வேண்டுமென்றால் யாரையும் தாண்டாமல் எழுந்து வெளியே போய்விடலாம். அந்த இடம் அவனுக்கென்றே விடப்பட்டது. பயான் தொடங்கும்போது வர வேண்டாம், இகாமத்துக்குச் சற்று முன் வந்தால் போதும் என்று வைத்துக்கொண்டோம். ஒளுச் செய்யப் பழக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. ஹவுளின் தண்ணீரைக் கண்டால் அங்கேயே நின்றுவிடுவான். எந்த உறுப்புக்குப் பின் எந்த உறுப்பு என்பதைப் படமாக வரைந்து குழாயடியில் ஒட்டலாம் என்றேன். உருவப்படம் பள்ளிவாசலில் கூடுமா என்று ஒரு கேள்வி எழுந்தது. கேள்வி நியாயமானதே. கை, முழங்கை, பாதம் மட்டும் வரைந்தோம். முகத்துக்குக் கண்ணும் மூக்கும் இல்லாத ஒரு வட்டம். மேல்நிலைப் பள்ளி மாணவன் ஒருவன் வரைந்து கொடுத்தான். இப்போது அந்தப் படத்தைப் பார்த்துத்தான் மக்தபின் சிறு பிள்ளைகள் அனைவரும் ஒளுப் பழகுகிறார்கள்.

மக்தபிலும் சில மாற்றங்கள் செய்தேன். எல்லாரும் ஒருசேரக் கத்தி ஓதுவதை நிறுத்தி, வரிசை வரிசையாக ஓத வைத்தேன். அதனால் வேறொரு நன்மையும் விளைந்தது. பா, தா, ஸா மூன்று எழுத்துக்கும் உடல் ஒன்று, புள்ளிதான் வேறு. சில பிள்ளைகள் எத்தனை மாதமானாலும் அந்தப் புள்ளிகளில் தடுமாறுவார்கள். காதால் கேட்டதை மட்டும் பிழையின்றிச் சொல்வார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று எண்ணி வந்தேன். டிஸ்லெக்ஸியா என்னும் எழுத்தறி சிரமம் இருப்பவர்களுக்கு இப்படி நேரலாம் என்று இப்போது தெரிகிறது. ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாமல் அலைபாயும் பிள்ளைகளுக்குத் தண்ணீர்க் குடம் எடுத்து வரும் வேலையை ஒப்படைக்கிறேன். சத்தம் குறைந்த பிறகுதான் யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதே என் காதில் விழுகிறது.

இப்போது அந்தப் பிள்ளைக்குப் பதினைந்து வயது. அத்தாவின் கவலை வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. "நாங்க மவுத்தான பிறகு?" என்று கேட்கிறார். இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் ஓரளவு விடை இருக்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த ஏழு குறைபாடுகளில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம்தான் அதைப் பெயர் சொல்லி ஏற்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் இருபத்தொரு வகைகளிலும் அது உண்டு. பதினெட்டு வயது நிறைந்தவருக்கு, தேவைப்பட்டால், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்படியான காப்பாளரை அமர்த்திக்கொள்ளலாம். 'நிராமயா' என்னும் திட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடும் பெறலாம். இவற்றையெல்லாம் நம் வீடுகளில் எத்தனை பேர் அறிவோம்?

சட்டம் ஒரு புறம் இருக்கட்டும். ஓதிக் கொடுப்பவன் என்ற முறையில் நான் கண்ட வேறொரு கொடுமை உண்டு. தகப்பனார் மறைந்ததும் பாகம் பிரிக்கும்போது, "அவனுக்கு எதற்கு? நாம்தானே பார்த்துக்கொள்ளப் போகிறோம்" என்று இத்தகைய பிள்ளையின் பங்கைச் சகோதரர்கள் தமக்குள் பகிர்ந்துகொள்கிறார்கள். மார்க்கத்தில் அதற்கு இடமே இல்லை. பேச வராது என்பதற்காக ஒரு வாரிசின் பங்கில் ஓர் அணாகூடக் குறையாது. பொருளை நிர்வகிக்க இயலாதவருக்கு அவருடைய பொருளிலிருந்தே உணவும் உடையும் தந்து, அவரிடம் இனிமையாகப் பேசும்படி குர்ஆனின் நான்காம் அத்தியாயம் பணிக்கிறது. இனிமையாகப் பேசுவதையும் சேர்த்தே கட்டளையிட்டிருப்பதை நான் இந்தப் பிள்ளையை அறிந்த பிறகுதான் நின்று படித்தேன்.

கடுக்காய் பிரித்த அந்த மலை மூதாட்டிக்கு இப்போது எட்டு வயதில் ஒரு பேரன் இருக்கிறான். அவனுக்குப் பேச்சு வரவில்லை. நம் பிள்ளையைப் போலவே கைகளை உதறுகிறான், கூப்பிட்டால் திரும்புவதில்லை. சான்றிதழ் இல்லை. இல்லாததற்குக் காரணம் அலட்சியம் என்று சமவெளியில் இருந்துகொண்டு சொல்வது எளிது. 1976 வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்த மலை அது. சாலையும் பள்ளியும் மருத்துவமும் தாமதமாகவே ஏறின. 2019 நவம்பர் 26இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகும்வரை, ஆட்சியர் அலுவலகத்துக்கு வெள்ளிமலையிலிருந்து விழுப்புரம் போக நூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணம். இப்போது தூரம் குறைந்திருக்கிறது. 2022 ஜனவரியில் கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் மருத்துவக் குழு சென்று பிள்ளைகளைப் பார்க்கும் திட்டம் 2013 முதலே இருக்கிறது. ஆனால் பள்ளிக்கே போகாமல் வீட்டில் இருக்கும் பிள்ளையை அந்தக் குழு எப்படிப் பார்க்கும்? ஒரு நாள் கூலியையும் விட்டு, கூட்டத்தைக் கண்டால் அலறும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு, பேருந்தில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வர வேண்டும். வந்தபின் எந்த அறை, எந்த வரிசை என்று சொல்ல ஆள் வேண்டும்.

அந்த ஆளாக இருக்க முன்வந்தவர் பிள்ளையின் அத்தா. "நமக்கு வழி தெரியும் ஹஜ்ரத், அவங்களுக்குத் தெரியாது" என்றார். சென்ற மாதம் மூதாட்டியையும் மருமகளையும் பேரனையும் அழைத்து வந்தார். நானும் உடன் போனேன். கூட்டம் சேருமுன் காலையிலேயே போய்விட்டோம்; அத்தா தம் அனுபவத்தால் கண்ட உபாயம் அது. பேரனின் காதுகளுக்குப் பஞ்சு வைத்து, மேலே ஒரு துண்டைச் சுற்றியிருந்தார். நம் பிள்ளையும் வந்திருந்தான். இருவரும் ஒரே பெஞ்சில் ஒரு முழ இடைவெளி விட்டு, ஒருவரை ஒருவர் பாராமல், ஒரே தாளத்தில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்து மூதாட்டி வாய்விட்டுச் சிரித்தார். எனக்குத் தெரிந்து, இந்தப் பிள்ளைகளைப் பார்த்து யாரும் சிரித்து நான் வருந்தாத முதல் முறை அதுவே.

அன்று வேலை முடியவில்லை. பேச்சு வராத பிள்ளை என்பதால் காது கேட்கிறதா என்பதை முதலில் சோதித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். சரியான முறைதான்; ஆயினும் இன்னொரு நாள் கூலி, இன்னொரு முறை மலையிறக்கம். மூதாட்டி வெளியே வந்து, மேலே போகக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டார். நான் யாரிடமாவது விசாரிக்கலாம் என்று திரும்பினேன்.

"கடைசி வண்டி எத்தனை மணிக்கு?" என்றான் நம் பிள்ளை.

மூதாட்டி பதறவில்லை; மறுபடி கேட்கவும் இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார். சற்றுப் பொறுத்து அவன் நேரத்தைச் சொன்னான். அதற்கு முந்தைய வண்டியின் நேரத்தையும் சொன்னான்.

அடுத்த புதன்கிழமை அவர்கள் மறுபடி இறங்கி வருகிறார்கள். அன்றைய காலை வகுப்பு அஸருக்குப் பின் நடைபெறும் என்று ஓதும் பிள்ளைகளிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.